புரோஜெஸ்டிரான் குறைவு என்றால்: சீன மூலிகையா, ஹார்மோன் மருந்தா, காத்திருப்பதா?

நாள் தள்ளிப்போய், வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு தெரிந்து, சந்தோஷம் முழுதாக மனதில் இறங்குவதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிடும். கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் என்ற வரிக்கு நேரே ஓர் எண், பக்கத்தில் ‘குறைவு’ என்று ஒரு குறி. அன்றிரவு தூக்கம் வராது. சீன மூலிகை குடித்துத்தான் எனக்குக் கரு தங்கியது என்று யாரோ எழுதியிருப்பார். அக்குபங்சர் ஊசிதான் என் ஹார்மோனைச் சரிசெய்தது என்று இன்னொருவர் எழுதியிருப்பார். மருத்துவரோ ஒரு மாத்திரை எழுதித் தந்திருப்பார், அல்லது ‘பத்து நாள் பொறுத்துப் பார்ப்போம்’ என்று அனுப்பியிருப்பார்.

அப்படிப்பட்ட இரவுகள் எனக்கு இரண்டு கர்ப்பத்திலும் வந்தன. முதல் தடவை, ஆறாவது வாரத்தில், ஒரு சீன மருத்துவர் கொடுத்த பொடியை வெந்நீரில் கலக்கி இரண்டு வாரம் குடித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எட்டாவது வாரத்தில் கரு கலைந்தது. பொடியால்தான் கலைந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் உதிரப்போக்கோடு மருத்துவமனைக்குப் போனபோது, ‘என்ன மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இன்னொரு பெண் அப்படி நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

அந்த எண் என்ன சொல்கிறது?

கருவின் முதல் வாரங்களில் புரோஜெஸ்டிரானைச் சுரப்பது சினைப்பை. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற சிறு திசுதான் அதைச் செய்கிறது. ஏழாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் அந்த வேலையை நஞ்சுக்கொடி கையில் எடுத்துக்கொள்ளும். ஏழாவது வாரத்துக்கு முன் அந்தத் திசுவை அகற்றினால் கரு கலைந்துவிடும் என்று 1970-களில் செய்த ஆய்வுகள் காட்டின. ஆக, புரோஜெஸ்டிரான் இல்லாமல் கரு தங்காது என்பதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. கார்ப்பஸ் லூட்டியத்தை வேலை செய்ய வைப்பதே கருவிலிருந்து வரும் எச்.சி.ஜி. ஹார்மோன்தான். கரு சரியாக வளராவிட்டால் எச்.சி.ஜி. மந்தமாகும், அதைத் தொடர்ந்து புரோஜெஸ்டிரானும் இறங்கும். அப்போது அந்தக் குறைந்த எண் கரு நலிவதன் அடையாளம். நலிவுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நேர்பவை. அதை மூலிகையோ மாத்திரையோ ஊசியோ மாற்ற முடியாது. இதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் ‘நான் எதையாவது சரியாகச் செய்திருந்தால்’ என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் பெண்ணுக்கு இது ஓர் ஆறுதலும்கூட.

இன்னொன்றும் உண்டு. புரோஜெஸ்டிரான் ஒரே அளவில் ரத்தத்துக்குள் வருவதில்லை, விட்டுவிட்டு அலையலையாக வருகிறது. ஒரே நாளில் சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனைகள் வேறுவேறு எண் காட்டலாம். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். 48 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எச்.சி.ஜி. அளவுகளும் ஒரு ஸ்கேனும் அதைவிட எவ்வளவோ அதிகம் சொல்லும்.

எந்த மருந்துக்கும் முன்னால் ஸ்கேன்

நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், ஒட்டிக்கொள்கிறது. அங்கும் ஹார்மோன் பல சமயம் குறைவாகத்தான் இருக்கும், லேசாக உதிரம் படும், அடிவயிறு இழுக்கும். சீன மருத்துவத்தில் இந்த அறிகுறிகளுக்கு ‘தாய் தோங் பு ஆன்’ என்று பெயர். கரு நிம்மதியின்றி அசைகிறது என்று பொருள். அதற்குத் தருவது ‘ஆன் தாய்’, அதாவது கருவை அமைதிப்படுத்தும் மருந்து. நாடி பிடித்தும் நாக்கைப் பார்த்தும் கரு எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கருக்குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிவதற்கு முன்னால் கருவை அமைதிப்படுத்தும் கஷாயம் எதையும் தொடங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

முதல் வழி: காத்திருப்பது

காத்திருப்பது எதுவும் செய்யாமல் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மற்ற எல்லா வழிகளையும் இதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள 2019-ல் பிரிட்டனில் வெளியான பிரிஸம் ஆய்வு உதவும். ஆரம்ப கர்ப்பத்தில் உதிரம் பட்ட 4,153 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். பாதிப்பேருக்கு புரோஜெஸ்டிரான் வில்லை, மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெற்று வில்லை. வெற்று வில்லை வைத்தவர்களில் 72 சதவீதத்தினர் 34 வாரம் தாண்டி உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள்.

இந்த 72-ஐ மனதில் வைத்துக்கொண்டு அனுபவக் கதைகளைப் படியுங்கள். உதிரம் பட்ட நூறு பெண்கள் ஏதோ ஒரு மூலிகையைக் குடித்தால், அந்த மூலிகை ஒன்றுமே செய்யாவிட்டாலும் எழுபது பேருக்கு மேல் ‘எனக்குப் பலித்தது’ என்று மனதார நன்றி சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நன்றி மருந்துக்கு உரியதா என்று கதையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

(படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் சான்று கிடையாது. களைப்பாக இருந்தால் படுங்கள், குற்றவுணர்ச்சியால் படுக்க வேண்டாம்.)

இரண்டாவது வழி: புரோஜெஸ்டிரான்

அதே பிரிஸம் ஆய்வில் மருந்து வில்லை வைத்தவர்களில் 75 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். 72-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் யாருக்கு உதவியது என்று பிரித்துப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. முன்பு கருச்சிதைவே ஆகாதவர்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. ஒன்றிரண்டு முறை ஆனவர்களிடம் வெற்று வில்லையின் 72-க்கு மருந்தின் 76. மூன்றும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் 57-க்கு 72. இதை ஒட்டித்தான் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 நவம்பரில் தன் வழிகாட்டுதலை மாற்றியது: கருப்பைக்குள் கரு இருப்பது ஸ்கேனில் உறுதியாகி, உதிரமும் பட்டு, முன்பு ஒருமுறையாவது கருச்சிதைவு ஆகியிருந்தால், 400 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் வில்லையைத் தினம் இருமுறை பிறப்புறுப்பில் வைக்கலாம். இதயத்துடிப்பு தெரிந்தால் 16 வாரம் முடியும்வரை தொடரலாம்.

அந்த நிபந்தனைகளில் ஹார்மோன் எண் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உதிரமும் முந்தைய இழப்பும்தான் கணக்கில் வருகின்றன. உதிரம் படாமல், அடுத்தடுத்த கருச்சிதைவு மட்டுமே இருந்த 836 பெண்களிடம் 2015-ல் வெளியான ப்ராமிஸ் ஆய்வு புரோஜெஸ்டிரானால் பெரிய பலனைக் காட்டவில்லை, மருந்தோடு 65.8 சதவீதம், வெற்று வில்லையோடு 63.3 சதவீதம்.

மருந்து எடுக்கத் தொடங்கிய பிறகு எண் ஏறவில்லையே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறப்புறுப்பில் வைக்கும் வில்லை நேரே கருப்பையைப் போய்ச் சேர்கிறது, ரத்தத்தில் அவ்வளவாகத் தெரியாது. டைட்ரோஜெஸ்டிரான் என்ற செயற்கை வகை மாத்திரையோ புரோஜெஸ்டிரான் சோதனையில் தெரியவே தெரியாது. அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் மனக்கஷ்டம்தான் மிஞ்சும்.

ஆங்கில மருத்துவம் என்பதாலேயே ஒரு ஹார்மோன் பாதுகாப்பானதாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அதனால் பலனில்லை என்று 1953-ல் சிகாகோவில் நடந்த ஆய்வு காட்டியது. கொடுப்பது நிற்கவில்லை. 1971-ல்தான், அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது தெரியவந்தது. ஆய்வு வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பது இந்த வரலாற்றால்தான், மூலிகையிடமும் மாத்திரையிடமும் ஒரே மாதிரி.

மூன்றாவது வழி: சீன மூலிகை

சீன மருத்துவம் ஹார்மோன் என்ற சொல்லில் யோசிப்பதில்லை. கருவைத் தாங்குவது சிறுநீரகத்தின் சக்தி என்பது அதன் அடிப்படை. ‘சிறுநீரகம்’ என்று அவர்கள் சொல்வது உறுப்பை மட்டுமல்ல, பிறப்பும் வளர்ச்சியும் சார்ந்த உயிராற்றலையும் சேர்த்து. அடுத்தடுத்துக் கரு கலைவதற்கு ‘ஹுவா தாய்’, வழுக்கிப்போகும் கரு, என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஜு தான்ஷி, பாய் ஷு, ஹுவாங் சின் என்ற இரண்டு வேர்களைக் கருவை அமைதிப்படுத்தும் மருந்துகளில் தலையாயவை என்று வைத்தார். இன்று அதிகம் பேசப்படுவது ஷோ தாய் வான். ஜாங் ஷிசுன் (1860–1933) வகுத்த இந்த மருந்தில் நான்கே பொருள்கள்: செடிகள்மேல் படரும் ஓர் ஒட்டுண்ணிக் கொடியின் விதை, மல்பெரி மரத்துப் புல்லுருவி, ‘அறுந்ததை இணைப்பது’ என்று பெயரிலேயே பொருள் சொல்லும் ஷு துவான் வேர், கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. மண்ணில் வேர் பிடிக்காமல் மரத்தைப் பற்றி வாழும் புல்லுருவியில், தாயைப் பற்றி வாழும் கருவை அவர் கண்டார். அந்த ஒப்புமை என் மனதைத் தொடுகிறது. ஆனால் மனதைத் தொடுவதும் மருந்தாக வேலை செய்வதும் வேறுவேறு.

சீனாவின் மருத்துவமனைகளில் இந்த மூலிகைகளைப் பெரும்பாலும் புரோஜெஸ்டிரானோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். 44 ஆய்வுகளையும் 5,100 பெண்களையும் திரட்டி 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. ஹார்மோன் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட, அதோடு மூலிகையும் சேர்த்து எடுத்தவர்களிடம் கரு தங்கியது அதிகம் என்றுதான் கணக்கு வந்தது. கேட்க நம்பிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் மோசம் என்று மதிப்பாய்வாளர்களே எழுதினார்கள். வெற்று மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு அவற்றில் ஒன்றுகூட இல்லை. மூலிகையைத் தனியாகக் கொடுத்தால் பலன் உண்டா என்று சொல்லப் போதிய சான்றும் இல்லை. அந்த 72-ஐ இங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பலன் இப்படி என்றால், பாதுகாப்பு? முதல் பன்னிரண்டு வாரம் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம். 2006-ல் வெளியான தைவான் ஆய்வு 14,000-க்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்தது. முதல் மூன்று மாதத்தில் ஹுவாங் லியென் என்ற மூலிகை எடுத்தவர்களின் குழந்தைகளிடம் நரம்பு மண்டலக் குறைபாடுகளும், ‘ஆன் தாய் யின்’ என்ற கருவைக் காக்கும் கஷாயம் குடித்தவர்களின் குழந்தைகளிடம் கண், எலும்பு-தசைக் குறைபாடுகளும் சற்று அதிகமாகத் தெரிந்தன. இது தொடர்பைக் காட்டும் கணக்கு மட்டுமே. மூலிகைதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் ‘இயற்கை, ஆகவே தீங்கில்லை’ என்று சொல்லிக்கொள்ள இனி இடமில்லை.

கலப்படமும் ஆள்மாற்றமும் தனிக் கவலை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க சீன மூலிகை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இன்னொரு மூலிகை கலந்துவிட்டதுதான் காரணம். பெயர்ச்சீட்டு இல்லாத பொடியை நான் குடித்த அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கரு தரிப்பதற்காக முன்பிருந்தே சீன மருந்து எடுத்துவருகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நீர்க்கட்டிக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் தரும் மருந்துகளில் ரத்தத்தை ஓட்டும் மூலிகைகள் இருக்கும்: குசும்பப்பூவான ஹோங் ஹுவா, பீச் பருப்பான தாவ் ரென், சான் லெங், எ ஷு, நியூ ஷி போன்றவை. கர்ப்பத்தில் இவற்றைத் தவிர்க்கச் சொல்வது சீன மருத்துவமேதான். சோதனையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே பழைய மருந்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பெண்களுக்கு அதிகம் தரும் டாங் குய் என்ற வேரைப் பற்றி அவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ ஹெப்பாரினோ எடுக்கிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

ஊசி வேறு, மூலிகை வேறு

சீன மருத்துவம் என்று ஒரே பெயரில் இரண்டையும் கட்டிவிடுகிறோம். ஆபத்தும் பலனும் இரண்டிலும் ஒன்றல்ல. ஊசி குத்துவதால் எந்த ரசாயனமும் கருவுக்குப் போவதில்லை. ஆனால் ஹார்மோனைச் சரிசெய்யுமா என்றால், பெரிய ஆய்வுகள் கையை விரிக்கின்றன. சீனாவில் சினைப்பை நீர்க்கட்டி உள்ள 1,000 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் குழந்தைப் பிறப்பைக் கூட்டியது, முட்டை வெளியேற உதவும் குளோமிஃபீன் மாத்திரை. நிஜ ஊசியும் பாவனை ஊசியும் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. செயற்கைக் கருத்தரிப்பு செய்த 848 பெண்களிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் நிஜ ஊசியோடு 18.3 சதவீதத்தினரும் பாவனை ஊசியோடு 17.8 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். இரண்டும் கரு தரிப்பதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியவைதான். ஆனால் ‘ஊசி ஹார்மோனைத் தூக்கும்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

மசக்கைக்கு ஊசி உதவும் என்பதற்குக் கொஞ்சம் நல்ல சான்று உண்டு. 593 பெண்களோடு ஆஸ்திரேலியாவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில் குமட்டல் குறைந்தது. பதற்றத்தோடு காத்திருக்கும் வாரங்களில் யாரோ ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகக் கவனித்துக்கொள்வதும் சின்ன விஷயமில்லை. போவதென்றால் கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவிலுள்ள ஹே கு, கணுக்காலுக்கு மேலுள்ள சான் யின் ஜியாவ், இடுப்பின் கீழ்ப்பகுதிப் புள்ளிகள் ஆகியவற்றைக் கர்ப்பத்தில் மரபாகவே தவிர்ப்பார்கள்.

தைராய்டில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

ஹார்மோன் கவலை என்றால் எல்லோரும் புரோஜெஸ்டிரானையே பிடித்துக்கொள்கிறார்கள். தைராய்டு உண்மையிலேயே குறைந்திருந்தால், அதற்கு மாற்று கிடையாது; லெவோதைராக்சின் மாத்திரைதான். ஏற்கெனவே அந்த மாத்திரையில் இருப்பவர்களுக்குக் கரு தரித்ததும் அளவு 25 முதல் 30 சதவீதம் வரை கூட்ட வேண்டிவரும், ஆகவே சோதனை உறுதியான உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிடுங்கள். கழுத்துக் கட்டிக்குச் சீன மருத்துவத்தில் தரும் குன் பு, ஹாய் ஸாவ் இரண்டும் கடற்பாசிகள். அவற்றில் உள்ள அதிக அயோடின் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கலாம். மறுபக்கம், தைராய்டு அளவு சரியாக இருந்து அந்தச் சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் இருப்பவர்களுக்கு மாத்திரையாலும் பலனில்லை என்று 2019-ல் வெளியான டாப்லட் ஆய்வு காட்டியது.

எனக்கு வேண்டியவர் கேட்டால்

உதிரமும் இல்லை, முந்தைய இழப்பும் இல்லை, எண் மட்டும் குறைவு என்றால் ஸ்கேனுக்குக் காத்திருக்கச் சொல்வேன். உதிரம் பட்டு, முன்பு இழப்பும் இருந்தால் புரோஜெஸ்டிரானைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேட்கச் சொல்வேன். மூன்று முறை கலைந்தவர் என்றால் அதோடு நிற்காமல், ரத்தம் உறையும் கோளாறான ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கான சோதனையும் செய்யச் சொல்வேன். அது இருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும்தான் வழி, வேறு எதிலும் நேரத்தைக் கழிக்கக் கூடாது. குமட்டலுக்கோ மன அமைதிக்கோ ஊசி வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம்.

முதல் பன்னிரண்டு வாரத்தில் மூலிகையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அப்படியும் அந்த மருத்துவத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர் எடுத்தே தீருவேன் என்றால் நான் சண்டை போடமாட்டேன், கெஞ்சிக் கேட்பேன்: கரு கருப்பைக்குள் இருப்பது தெரிந்த பிறகு தொடங்குங்கள். முறைப்படி படித்துப் பதிவு செய்த மருத்துவரிடம் போங்கள். ஒவ்வொரு பொருளின் பெயரும் அளவும் எழுதிய சீட்டை வாங்கி, அதைப் பிரசவ மருத்துவரிடம் காட்டுங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் மருந்து வாங்க வேண்டாம். புரோஜெஸ்டிரானோ தைராய்டு மாத்திரையோ எழுதியிருந்தால் மூலிகைக்காக அதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஒரு பக்கமாக வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், மணிக்கொரு பஞ்சு நனையும் அளவு உதிரப்போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

என் இரண்டாவது கர்ப்பத்தில் ஏழாவது வாரம் உதிரம் பட்டது. ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. புரோஜெஸ்டிரான் வில்லை வைத்தேன், மசக்கைக்காக நான்கு முறை ஊசிக்குப் போனேன், பதினாறு வாரம் முடிந்ததும் வில்லையை நிறுத்தினேன். மகள் பிறந்தாள். வில்லை இல்லாமலும் பெற்றிருக்கக்கூடிய அந்த 72 பேரில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கலாம். இந்தத் தடவை மருத்துவமனையில் என்ன மருந்து என்று கேட்டபோது, கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன்.